இருபத்துநான்கு வாசிக்கப் போய் ஏழு தைத்த கதை

டிசம்பர் 31 இரவு, ஊர் முழுக்க வெடி கொளுத்திக்கொண்டிருந்த நேரம், டயறியின் முதல் பக்கத்தில் ஐந்து வரி எழுதினேன். வருடத்துக்கு 24 புத்தகம் வாசிப்பது. வாரம் ஒரு மூலிகை வரைவது. மாதம் இரண்டு தடவை பொது நூலகத்துக்குப் போவது. ஏதாவது ஒரு கைவேலை பழகுவது. இரவு ஒன்பதுக்குப் பிறகு கைபேசியைத் தொடாமல் இருப்பது. கடைசி வரி ஜனவரி 2ஆம் திகதியே செத்துப்போனது. அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்து முடித்து, உள்ளகப் பயிற்சிக்கான கடிதத்தை எதிர்பார்த்து வீட்டில் இருக்கிற காலம் இது. இத்தனை வருடமும் நான் வாசித்ததெல்லாம் நோட்ஸ், போட்டோகொப்பி, மறுபடியும் நோட்ஸ். சின்ன வயதில் ஒரு நாளைக்கு ஒரு கதைப்புத்தகம் முடிப்பேன். ஆகவே 24 ஒன்றும் பெரிய எண்ணிக்கையாகத் தெரியவில்லை.

ஜனவரி முதல் வாரம் நூலகத்திலிருந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்து வந்தேன். மூன்றாவது கதை முடிந்ததும் அடியில் வைத்திருந்த குறிப்புத்தாளைப் பார்த்தால், என் கையெழுத்தில் 'பிரிவுக்கான காரணங்கள் – 3' என்று இருக்கிறது. கதையில் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகிறாள். நான் அதை ஐந்து புள்ளி வினாவாக மாற்றி வைத்திருக்கிறேன்! அன்றைக்கு விளங்கியது, எனக்குக் கண் தெரிகிறது, எழுத்தும் தெரிகிறது, வாசிக்கத்தான் மறந்துவிட்டது. பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை எதையோ மனப்பாடம் செய்யாமல் விட்டுவிட்டது போல நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சரி, வாசிப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்து கைவேலைப் பக்கம் போவோம் என்று அம்மப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்தேன்.

பெட்டிக்குள் இருந்தவை

பெட்டி திருக்கடலூர் வீட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தபோது அலுமாரி விழுந்தது, பெட்டி மிதந்து சுவரோரம் ஒதுங்கியது. மேலே இருந்த புத்தகங்கள் தப்பின, கீழ் அடுக்கு நனைந்தது. அம்மா அவற்றை உறவினர் வீட்டு மொட்டைமாடியில் விரித்து உலர்த்தி, திரும்பவும் அதே பெட்டியில் அடுக்கினார். பிறகு நாங்கள் அன்புவழிபுரத்துக்கு வந்துவிட்டோம். பெட்டியும் கூடவே வந்தது. அதை யாரும் திறக்கவில்லை. அம்மப்பாவும் போய்விட்டார்.

மொத்தம் 31. எழுபதுகளில் வீரகேசரிப் பிரசுரமாக வந்த நாவல்கள் எட்டு, 'மல்லிகை' இலக்கியச் சஞ்சிகை ஒரு கட்டு, பக்திப் பாடல் தொகுப்புகள், சென்னைப் பதிப்புகள் சில, வார இதழிலிருந்து வெட்டி அம்மப்பாவே கோணியூசியால் குத்திக் கட்டிய தொடர்கதைகள் மூன்று. பெட்டியைத் திறந்தவுடன் வந்த வாசம் பாதி கற்பூரம், பாதி பூஞ்சணம்.

சேதம் நாலு விதம். வெளிப்பக்கங்களைச் சுரண்டித் தின்றது இராமபாணம் என்கிற வெள்ளிப்பூச்சி. அட்டையிலிருந்து அட்டை வரை ஊசி விட்டதுபோல நேராகத் துளைத்துப் போனது வண்டின் புழு. இரண்டையும் நம் வீடுகளில் ஒரே பெயரால் திட்டுவோம், ஆனால் பசை வாசத்துக்கு வருகிற வெள்ளிப்பூச்சி துளைக்காது, மேலாகத்தான் மேயும். மூன்றாவது துரு. பக்கவாட்டில் அடித்த கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றியிருந்த கடதாசி தேயிலைச் சாயம் பட்டதுபோல் பழுத்து, தொட்டால் உதிர்ந்தது. நாலாவது உப்பு. அதுதான் என்னை மூன்று மாதம் அலைக்கழித்தது.

முதலில் பூச்சி

கறையான் இல்லை, நல்லகாலம். ஆனால் புழு உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு வெள்ளைத் தாளில் புத்தகத்தை நிறுத்தி இரவு விட்டேன். காலையில் நாலு புத்தகத்தின் அடியில் ரவை போல மெல்லிய தூள் விழுந்திருந்தது. ஆகவே இருக்கிறது.

வெயிலில் போடுவதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம். ஆனால் ஜனவரியில் திருகோணமலையில் வெயிலுக்கு எங்கே போவது? வடகீழ்ப் பருவக்காற்று இன்னும் விட்டபாடில்லை. அத்தோடு நேர் வெயில் பழைய கடதாசியை இன்னும் மஞ்சளாக்கி முறிய வைக்கும். மருந்தடிக்க மனம் வரவில்லை, பிறகு அதை மூக்குக்கு நேரே பிடித்து வாசிக்கப் போவது நான்தான். மீதி இருந்தது குளிர். புத்தகத்தை இரண்டு பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் 14 நாள். முட்டை, புழு, வண்டு எல்லாம் அதில் சாகும். வெளியே எடுத்த பிறகு பையை உடனே பிரிக்கக்கூடாது. ஒரு முழு நாள் அப்படியே வைத்தால் வியர்வை பையின் வெளிப்பக்கத்தில் நிற்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் அது பக்கங்களில் நிற்கும்.

இதில் நான் எதிர்பாராத தடை அம்மா.

"மீன் வைக்கிற இடத்தில புத்தகமா? செத்த பூச்சியோடயா?"

பை இரண்டு போட்டிருக்கிறேன் என்றேன். பாரை மீனுக்குப் பூச்சி போகாது, புத்தகத்துக்கு மீன் வாசம் வரும் என்றார். அது நியாயமான பேச்சுத்தான். கடைசியில் தம்பி ஒரு பிளாஸ்ரிக் டப்பா கொண்டுவந்தான், அதற்குள் பை, பைக்குள் புத்தகம். ஒரு தடவைக்கு நாலுதான் கொள்ளும். மின்சாரம் இரண்டு தரம் நீண்ட நேரம் நின்றதால் இரண்டு தரம் நாள் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கினேன். மொத்தப் பெட்டிக்கும் இப்படிச் செய்வதென்றால் வருடம் போய்விடும். தூள் விழுந்தவற்றுக்கும் அவற்றை ஒட்டி இருந்தவற்றுக்கும் மட்டும் செய்தேன்.

உவர்மலை ஐயா

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கோப்புகளும் பதிவேடுகளும் கட்டிக் கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் உவர்மலையில் இருக்கிறார் என்று போட்டோகொப்பிக் கடையில் சொன்னார்கள். மழை விட்ட ஒரு மத்தியானம் சைக்கிளில் போனேன். எழுபது வயது தாண்டியவர். நான் கொண்டுபோன நாவலை வாங்கி, பக்கத்தைப் புரட்டவே இல்லை, முதுகைத் தடவினார்.

"பிள்ளை, இது தைச்ச புத்தகம் இல்ல. கம்பி அடிச்சது. இதைக் கழட்டினா ஒவ்வொரு தாளும் தனித்தனியா நிக்கும். முதல்ல தைச்ச புத்தகத்தில கை பழகு."

பிறகு ஒரு மூலையை எடுத்து முன்னும் பின்னுமாக மடித்தார். இரண்டாவது மடிப்பில் அது பொட்டென்று கையோடு வந்தது. இதுதான் சோதனை என்றார். மூன்று மடிப்புக்குத் தாங்காத கடதாசியில் ஊசி ஏற்றக்கூடாது, நூல் கடதாசியை அறுத்துவிடும். மலிவு விலைக்கு அச்சிட்டவை மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்த பத்திரிகைக் கடதாசியில் வந்தவை. அதில் இருக்கும் லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகிறது, கூடவே புளிப்பும் ஏறி நார் முறிகிறது. இதை எந்தத் தையலாலும் திருப்ப முடியாது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மடித்துப் பார்த்தேன். ஒன்பது தோற்றன. வீரகேசரிப் பிரசுரம் எட்டில் ஐந்து அதில் அடக்கம். அவற்றுக்கு மட்டையில் அளவெடுத்துப் பெட்டி மட்டும் செய்வது என்று முடிவெடுத்தேன்.

இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு கிழமை பிடித்தது. மருத்துவம் படித்தவளுக்கு 'இதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்' என்பது லேசில் வராது.

பசை

கோதுமை மா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கட்டியில்லாமல் கரைத்து, சின்ன நெருப்பில் கை விடாமல் கிண்டவேண்டும். வெள்ளையாக இருப்பது மெல்ல மெல்லக் கண்ணாடித் தன்மைக்கு வரும், அகப்பையில் எடுத்தால் நாடாவாக விழும். அப்போது இறக்கி, துணியில் வடித்து, ஆறவிட்டுப் பாவிக்கலாம். நம் ஊர் மா சீனக்குடா பிறிமா ஆலையிலிருந்து வருகிறது, பசையின் மூலப்பொருளுக்கு மட்டும் நான் எங்கேயும் அலையவில்லை.

இன்னும் நல்ல பசை வேண்டுமென்றால் மாவை ரொட்டிக்குப் போலப் பிசைந்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கவேண்டும். கையில் இழுபடும் பசையம் மிஞ்சும், பாலாகக் கரைந்தது அடியில் மாச்சத்தாகப் படியும். தெளிந்ததை இறுத்துவிட்டு அடிமண்டியை மட்டும் காய்ச்சினால் மெல்லிசான, வெள்ளையான பசை. சீந்தில் கொடியிலிருந்து இதேபோல மாச்சத்தான சீந்தில் சர்க்கரை எடுக்கப் பழகிய கைக்கு இது புதிய வேலையே இல்லை.

ஐயா தன் பசையில் துருசு, அதாவது செம்புச் சல்பேற்று, போடுவார். பூச்சி வராது, பூஞ்சணம் பிடிக்காது என்பது அவர் கணக்கு, அது உண்மையும்கூட. எனக்கு அதில் இரண்டு தயக்கம். மருந்துக்குப் போலச் சுத்தி செய்யாத துருசு நஞ்சு, விரலை நக்கிப் பக்கம் புரட்டும் பழக்கம் நம் வீட்டில் மூன்று பேருக்கு உண்டு. அத்தோடு செம்பு கடதாசி நாரைச் சீக்கிரம் சிதைக்கும். இதை நான் சொன்னபோது ஐயா தன் அலுமாரியிலிருந்து முப்பது வருடத்துக்கு முன் கட்டிய ஒரு பதிவேட்டை எடுத்து மேசையில் 'டப்' என்று போட்டார். கல்லுப் போல இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் துருசு போடவில்லை.

அதற்கான விலையையும் கொடுத்தேன். மழைக்காலத்தில் நான் ஒட்டிய முதல் அட்டை இரண்டு நாளாகியும் காயவில்லை. மூன்றாம் நாள் காலையில் முதுகோரம் சாம்பல் நிறத்தில் மெல்லிய முடி முளைத்திருந்தது. அதிலிருந்து பசையை ஒரு தடவைக்கு இரண்டு கரண்டி மட்டும் காய்ச்சுகிறேன், கெட்டியாகப் பூசுகிறேன், ஒட்டியதற்கு இருபுறமும் உலர்ந்த தாள் வைத்து மணிக்கொரு தரம் மாற்றுகிறேன். மார்ச் வந்த பிறகு இந்தக் கூத்தெல்லாம் தேவைப்படவில்லை. காலையில் ஒட்டினால் மத்தியானம் காய்ந்துவிடுகிறது. ஜனவரி ஒன்றாம் திகதி என்று ஒரு நாளைக் குறித்து இந்த ஊரில் பசை வேலை தொடங்கக்கூடாது.

தையல்

கை பழக எடுத்தது ஒரு சென்னைப் பதிப்பு, 192 பக்கம், பன்னிரண்டு பாரம். ஒரு பாரத்தில் 16 பக்கம், அதாவது நாலு விரிதாள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருக்கும். பழைய நூலை வெட்டி, முதுகில் இருந்த கோந்தை ஈரப்பஞ்சால் ஊறவைத்துச் சுரண்டி, பாரங்களைப் பிரித்தேன். பிரிக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்வது நல்லது. நான் போடாமல் விட்டு, பக்க எண் பார்த்து அடுக்க ஒரு மாலை முழுவதும் போனது. அந்த மாலையில்தான், அடுக்குவதற்காகப் பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் பார்த்துக்கொண்டிருந்தவள், நடுவில் எங்கோ நின்று முப்பது பக்கம் வாசித்துவிட்டேன். எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிசான தாள் ஒட்டவேண்டும். ஜப்பானியத் தாள் இங்கே எங்கே கிடைக்கும்? முதலில் பட்டம் கட்டும் சிவப்புத் தாளை வெட்டி ஒட்டினேன். பசை பட்டவுடன் சாயம் இறங்கி, இரண்டு பக்கம் குங்குமம் கொட்டியதுபோல் ஆனது. பிறகு ஞாபகம் வந்தது, நுண்ணோக்கியின் வில்லை துடைக்கும் தாள். ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடையில் சின்னப் புத்தகமாகக் கிடைக்கிறது. எழுத்தின் மேல் ஒட்டினாலும் வாசிக்க முடிகிறது. விரலகல நாடாவாகக் கிழித்து (வெட்டக்கூடாது, கிழித்த ஓரத்து நார்தான் பிடிக்கும்), மடிப்பின் வெளிப்பக்கம் ஒட்டி, காய்ந்ததும் மடித்தேன்.

துளை ஆறு. மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றர் தள்ளி ஒவ்வொன்று, நடுவில் இரண்டு பருத்தி நாடாவுக்கும் இருபுறம் இரண்டிரண்டு. துளைக்கும் ஊசி, பழைய பேனாக் கூட்டுக்குள் தையலூசியின் காதைச் செருகி மெழுகு ஊற்றிச் செய்தது. இவ்வளவும் ஒழுங்காகப் போனது. நூலில்தான் பிழைத்தேன்.

வலை பின்னும் நைலோன் நூல் திருக்கடலூர்ச் சொந்தக்காரர் வீட்டில் சுருள் சுருளாகக் கிடந்தது. அறுவே அறாது. நூலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். நாலு பாரம் தைத்து இறுக்கி இழுத்தபோது 'சர்ர்' என்று ஒரு சத்தம். நூல் அப்படியே இருக்கிறது, கடதாசி துளையிலிருந்து துளைக்கு வாளால் அறுத்ததுபோல் போய்விட்டது. ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "அறாத நூல் எதுக்குப் பிள்ளை? இழுவை வந்தா நூல்தான் முதல்ல அறவேணும். நூலை மாத்தலாம்" என்றார். கூடவே இன்னொன்றும் காட்டித் தந்தார். நூலை இறுக்கும்போது நம் பக்கம் மேலே இழுக்கக்கூடாது, முதுகுக்கு இணையாக, தையல் போகிற திசையிலேயே இழுக்கவேண்டும். மேலே இழுத்தால் பஞ்சு நூலும் அறுக்கும்.

வீட்டில் அம்மாவின் குரோசே நூல் இருந்தது. களிம்பு செய்யப் பழகியபோது மிஞ்சிய தேன்மெழுகுக் கட்டியில் மூன்று தரம் இழுத்தேன். இனித் தையல் இப்படிப் போகும்: முதல் பாரத்தின் ஓரத்துளையில் வெளியிலிருந்து உள்ளே, உள்ளே ஓடி நாடாவுக்கு முன் வெளியே, நாடாவைத் தாண்டி மீண்டும் உள்ளே, இப்படியே மறு ஓரம் வரை. அங்கே அடுத்த பாரத்தை மேலே வைத்து அதற்குள் ஏறி, திரும்பி வந்து, தொடக்கத்து வால்நூலோடு முடிச்சு. மூன்றாம் பாரத்திலிருந்து ஓரம் வரும்போதெல்லாம் ஊசியைக் கீழே உள்ள இரண்டு பாரங்களுக்கு இடையில் விட்டு, அங்கிருக்கும் நூலைக் கொளுவி, வளையத்துக்குள்ளால் எடுத்து மேலே ஏறவேண்டும். முதல் இரண்டு பாரம் தலையைச் சுற்றும். ஐந்தாவதில் கை தானாகப் போகும். ஒன்பதாவதில் நான் தைத்துக்கொண்டே பாரத்தின் நடுப்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது, டயறியின் முதல் பக்கத்தில் 24ஐ வெட்டிவிட்டு அதை எழுதினேன்: தைத்ததை வாசி, தைக்காததைத் தொடாதே. நூலகப் புத்தகத்துக்கு மட்டும் விலக்கு.

முதுகுக்குப் பசை பூசி அதன்மேல் காயத்துக்குக் கட்டும் கோஸ் துணி, அதன்மேல் ஒரு தாள். அழுத்தத்துக்கு இரண்டு பலகை, மேலே அம்மிக்கல். குழவியையும் சேர்த்து வைத்தேன், அன்றைக்கு அம்மா சம்பலைக் கிரைண்டரில் அரைத்தார், ருசியில்லை என்று மூன்று தரம் சொன்னார்.

அட்டைக்குக் கிறே போர்ட் என்கிற சாம்பல் மட்டையும், அம்மப்பா உடுத்த பருத்திச் சாரமும் (கைலி). சாரத்தில் நேராகப் பசை பூசினால் மறுபக்கம் ஊறி வெளியே தெரியும். முதலில் பின்னால் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைக்கவேண்டும். அட்டை மூன்று பக்கமும் மூன்று மில்லிமீற்றர் வெளியே நிற்கவேண்டும், முதுகுக்கும் அட்டைக்கும் இடையில் ஆறு ஏழு மில்லிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் புத்தகம் திறக்காது. எனக்கு முதல் அட்டை வாழையிலை போல வளைந்தது. கடதாசிக்கும் மட்டைக்கும் நார் ஓடும் திசை ஒன்று உண்டு, அது முதுகுக்கு இணையாக இருக்கவேண்டும். ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்காகத்தான் விரியும். மட்டையை வாங்கும்போதே இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால், இலகுவாக வளையும் பக்கம்தான் நாரின் பக்கம். கடைக்காரர் நான் மட்டையை உடைக்கப் பார்க்கிறேன் என்று நினைத்தார்.

உப்பு

இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

கடல்நீர் பட்ட புத்தகங்கள் காய்வதேயில்லை. 2004இல் உலர்த்திய பக்கம் இன்றைக்கும் மழை நாளில் தொட்டால் நமுத்துப்போன அப்பளம் போல இருக்கும். நார்களுக்குள் நின்றுவிட்ட உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஈரம் நின்றால் பூஞ்சணம். அதற்கு மருந்து, தாள்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவுவதுதான். எங்கள் கிணறு கொஞ்சம் உவர், ஆகவே குழாய்த் தண்ணீர். அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, நுளம்பு நெட் துண்டில் தாளைக் கிடத்தி, நெட்டோடு சேர்த்து அமிழ்த்தி, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீரை மாற்றி, இன்னொரு தரம். ஈரத் தாளை ஒருநாளும் கையால் தூக்கக்கூடாது, நெட்டைத் தூக்கவேண்டும். அச்சு மை எண்ணெய் மை, அது கரையாது. ரப்பர் முத்திரை, பேனா மை, பென்சில் நிறம் எல்லாவற்றையும் முதலில் ஈரப்பஞ்சால் ஓரத்தில் தொட்டுப் பார்க்கவேண்டும்.

நான் தொட்டுப் பார்த்தேன். பெப்ரவரி மாதம், ஒரு பாடல் தொகுப்பு. தலைப்புப் பக்கத்தின் அச்சு நின்றது. கடை முத்திரை நின்றது. திருப்தியோடு அமிழ்த்தினேன். முதல் நிமிடம் தண்ணீர் தேயிலை நிறமானது. அது வயதின் அழுக்கு, வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நிமிடம் தாளின் ஒரு மூலைக்குக் கீழேயிருந்து நீலமாக ஒரு இழை கிளம்பியது. மெல்லிசாக, புகை போல. அது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நெட்டைத் தூக்கித் திருப்பினேன்.

பின்பக்கத்தைப் பார்க்கவேயில்லை நான். அங்கே அம்மப்பாவின் கையெழுத்து. மை ஊற்றி எழுதும் பேனாவால், ஊரின் பெயரும் திகதியும் சேர்த்து. பெயரின் முதல் எழுத்து மட்டும் இன்னும் எழுத்தாக இருந்தது. மற்றதெல்லாம் தண்ணீரில் இருந்தது.

தாளைப் பஞ்சுத் துவாய்க்கு நடுவில் வைத்து ஒற்றினேன். நீலம் துவாயிலும் வந்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து, அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றாமல், வெளியே கொண்டுபோய்ச் செவ்வரத்தை அடியில் ஊற்றினார். அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் புத்தகத்தைத் தைத்து முடித்தேன். தலைப்புப் பக்கத்தின் பின்னால் இப்போது ஒரு நீலக் கறை இருக்கிறது, முகில் போல. அதன்மேல் நான் எதையும் ஒட்டவில்லை, திரும்ப எழுதவும் இல்லை. உப்புப் பட்ட மற்றப் புத்தகங்களைக் கழுவவும் துணியவில்லை. அவற்றை வேறாக வைத்து, வெயில் காலத்தில் தைத்து, மழைக்கு முன் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பைகளோடு போடுவதாக இருக்கிறேன்.

வாசிப்பும் வரைதலும்

மார்ச்சில் வேலை வேகம் பிடித்தது. ஒரு புத்தகத்தில் 33 முதல் 48 வரை ஒரு பாரமே இல்லை. இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் அதே பதிப்பு வருடியபடி கிடைத்தது, அந்தப் பதினாறு பக்கத்தை அச்செடுத்து மடித்துச் சேர்த்தேன். அளவு கொஞ்சம் பெரிது, ஓரம் வெட்டவேண்டி வந்தது. வெள்ளைத் தாள் மஞ்சளுக்கு நடுவில் பல்லு மாதிரித் தெரிகிறது. இருக்கட்டும்.

பின்னேரங்களில் தைத்த புத்தகத்தோடு டச்பேக் கடற்கரைக்குப் போவேன். ஒரு நாள் கோட்டைக்குள் மரத்தடியில் இருந்து வாசித்தேன். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கொடுப்பதைத் தின்று பழகிய மான் ஒன்று வந்து, என் தோளுக்கு மேலால் எட்டி, சாரத்து அட்டையை முகர்ந்தது. கோதுமைப் பசை வாசமாக இருக்கும். வெள்ளிப்பூச்சிக்குப் பயந்து இவ்வளவும் செய்துவிட்டு மானிடம் கொடுப்பதா என்று எழுந்து வந்துவிட்டேன்.

நம் ஊர்க்காரரை வாசிக்கவேண்டும் என்ற ஆசையும் இடையில் வந்தது. கவிஞர் பிரமிள் 1939இல் இதே ஊரில் பிறந்தவர். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் கதைகளில் வரும் கடலும் துறையும் நான் பார்த்த இடங்கள். இருவரையும் நூலகத்திலிருந்து எடுத்தேன். பிரமிளை மூன்று தரம் வாசித்தும் பாதி விளங்கவில்லை, ஆனால் 'வரைவிலக்கணம் தருக' என்று எழுதத் தோன்றவும் இல்லை. இதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

வரைதல் வாரம் ஒன்று என்ற கணக்கில் போகவில்லை. பல்கலைக்கழக நோட்ஸ்களில் ஒரு பக்கம் மட்டும் அச்சானவை இரண்டு றீம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அச்சு உள்ளே போகும்படி மடித்து, திறந்த ஓரத்தை முதுகுப் பக்கம் வைத்து, பக்கவாட்டில் குத்தித் தைத்தால் வெள்ளைப் பக்கம் மட்டும் வெளியே இருக்கும் ஒரு கொப்பி. அதில் குப்பைமேனி, நாயுருவி, ஆடாதோடை, தூதுவளை நாலும் வரைந்திருக்கிறேன். தூதுவளையின் இலையில் நடு நரம்பின் மேலும் முள் இருப்பதை, பரீட்சைக்கு 'முட்கள் உண்டு' என்று எத்தனையோ தரம் எழுதியும், வரையக் குந்திய அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பென்சில் வேறு வழியில்லாமல் தேர்ந்தது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறுகிறது.

சித்திரை

ஏப்ரல் 14க்குக் கணக்குப் பார்த்தேன். தைத்தது ஏழு, ஏழும் வாசித்தாயிற்று. நூலகப் புத்தகம் நாலு. பெட்டி செய்தது ஐந்து, இன்னும் நாலு பாக்கி. பழுதாக்கியது ஒன்று.

காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய் வந்தோம். அம்மா கைவிசேடம் தரக் கூப்பிட்டார். வெற்றிலையில் காசு வைத்துத் தந்தார், வாங்கினேன். பிறகு தன் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு நீளக் கொப்பியை எடுத்தார். நான் அதை முன்பு கண்டதேயில்லை. அம்மப்பாவின் வீட்டுக் கணக்கு. அரிசி, மண்ணெண்ணெய், அம்மாவின் பள்ளிக்கூடச் சப்பாத்து, எல்லாம் அதே நீல மையில். முதுகு பிரிந்து, நடுத்தாள்கள் கழன்று, ஓரமெல்லாம் பூச்சி மேய்ந்திருந்தது.

"இதுக்குத் தண்ணி காட்டாத" என்றார்.

மூலையை மடித்துப் பார்த்தேன். மூன்று மடிப்புக்கும் தாங்கியது. பொலித்தீன் பை இரண்டு எடுத்து வந்தேன். ஃப்ரீசரைத் திறந்தால் மேல் தட்டில் வருடப்பிறப்புக்கு மறுநாள் சமைக்க வாங்கிய பாரை. நான் அதைத் தொடுவதற்கு முன் அம்மாவே எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்து, மேல் தட்டைத் துணியால் துடைத்துவிட்டார்.

28ஆம் திகதி வெளியே எடுக்கவேண்டும்.